கள்ள ஓட்டுக் காவலர்

நாட்டில் காவலர்கள் பலவிதம். உப்பளத்துக்குக் காவல் இருக்கிறவர் உண்டு, துறைமுகத்துக் கிட்டங்கிக்குக் காவல் இருக்கிறவர் உண்டு, கோவில் உண்டியலுக்குக் காவல் இருக்கிறவரும் உண்டு. இவர்கள் எல்லாம் சம்பளம் வாங்கிக்கொண்டு தூங்குகிறவர்கள். சம்பளம் இல்லாமல், வா என்று யாரும் அழைக்காமல், தேர்தல் என்ற சொல் காதில் விழுந்த நிமிஷத்திலிருந்து பெட்டியை உடைத்து எண்ணி முடிக்கிற வரைக்கும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு விழித்திருக்கிற ஒரு வகை இருக்கிறது. அவர்தான் கள்ள ஓட்டுக் காவலர்.

அவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கக்கத்தில் வாக்காளர் பட்டியல், காதில் சிவப்புப் பென்சில், முகத்தில் ஊரே சேர்ந்து அவர் ஒருவரை ஏமாற்றப் பார்க்கிறது என்கிற களை. "நாட்டு நடப்பு ஒண்ணும் சரியில்லவே" என்று ஆரம்பிப்பார். எதற்கு ஆரம்பித்தாலும் அங்கேதான் ஆரம்பிப்பார். நீங்கள் வெயில் அதிகம் என்று சொன்னால்கூட, போன தேர்தலில் ஒழுங்காக ஓட்டு விழுந்திருந்தால் இவ்வளவு வெயில் அடிக்குமா என்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பார்.

அவருக்கு மூன்று கொள்கைகள். முதலாவது, வாக்காளர் பட்டியலில் செத்தவர்கள் இருக்கிறார்கள். இது உண்மைதான், யாரும் மறுக்கவில்லை. இரண்டாவது, செத்தவர்கள் அத்தனை பேரும் எதிர்க்கட்சி. உயிரோடிருந்தவரைக்கும் நம் ஆளாக இருந்து, நம் செலவில் காப்பி குடித்து, நமக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்கூட, மூச்சு நின்ற மறுநிமிஷம் அந்தப் பக்கம் சேர்ந்துவிடுகிறார். மூன்றாவது கொள்கைதான் நுட்பமானது. நம் பக்கத்தில் ஒருவர் செத்திருந்தால் அவர் செத்தவர் அல்ல; வர முடியாதவர். வர முடியாதவருக்குப் பதிலாக இன்னொருவர் போய்விட்டு வருவது கள்ளத்தனமா? சேச்சே. அதற்குப் பெயர் உபகாரம்.

இந்த வகையில் ஒரு முழு மாதிரியைப் பார்க்க வேண்டுமானால் தூத்துக்குடி பீச் ரோட்டில் கயிற்றுக் கடை வைத்திருந்த நல்லக்கண்ணு அண்ணாச்சியைத்தான் பார்க்க வேண்டும். யுத்தம் முடிந்து, ரேஷன் முடியாத காலம். அரிசிக்குக் கார்டு, சீனிக்குக் கார்டு, மண்ணெண்ணெய்க்குக் கார்டு என்று மனிதன் கார்டில் இருந்தால்தான் உயிரோடிருக்கிறான் என்று அர்த்தம். அப்போதுதான் முனிசிபல் தேர்தல் வந்தது. அப்போது வேட்பாளருக்கு ஒரு நிறமாக ஓட்டுப் பெட்டி வைப்பார்கள். துறைமுகத்தை ஒட்டிய வார்டில் நீலப் பெட்டிக்கு உப்பு வியாபாரி மந்திரமூர்த்தி, பச்சைப் பெட்டிக்கு எபனேசர் வக்கீல். மந்திரமூர்த்தியின் போலிங் ஏஜெண்ட் நம்முடைய நல்லக்கண்ணு அண்ணாச்சி.

அன்றைக்கு வரி கட்டுகிறவருக்குத்தான் ஓட்டு. அதனால் முனிசிபாலிட்டிக்கென்று ஒரு வேதாந்தம் உண்டு. வரி வந்துகொண்டிருக்கிற வரைக்கும் ஆள் சாகவில்லை. தாத்தா பெயரில் இருக்கிற வீட்டுக்குப் பேரன் வரி கட்டினால் தாத்தா சிரஞ்சீவி. வார்டுப் பட்டியலில் இப்படிப்பட்ட சிரஞ்சீவிகள் கணிசமாகவே இருந்தார்கள். அவர்களை ஒருவர் விடாமல் பிடிப்பது என்று அண்ணாச்சி கங்கணம் கட்டிக்கொண்டார்.

பிடிக்கிறதென்றால் முதலில் யார் யார் செத்தார்கள் என்று தெரிய வேண்டுமல்லவா? அதற்கு அண்ணாச்சி கண்டுபிடித்த வழி எளிமையானது. ஊரில் சாவு விழுந்த எந்தத் துட்டி வீடானாலும் போய்விடுவார். சொந்தமா, பந்தமா, முன்பின் பழக்கமா, ஒன்றும் கிடையாது. மேளச் சத்தம் கேட்டால் போதும், மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். இந்து வீட்டில் கை கட்டி நிற்பார், துலுக்கர் வீட்டில் பள்ளிவாசல் வரைக்கும் கூடவே நடப்பார், வேதக்காரர் வீட்டுத் துட்டியென்றால் மாதா கோவிலில் பூசை முடிகிறவரை கடைசிப் பெஞ்சில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். எல்லாம் முடிந்ததும் வீட்டுக்காரரை மெல்ல ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்க் காதோடு கேட்பார்.

"மனசத் தளர விடாதிரும். ஆமா, லிஸ்ட்ல அவாள் பேரு எப்படி இருக்கு? இனிஷியல் உண்டுமா?"

அழுதுகொண்டிருந்தவருக்கு அழுகை நின்றுவிடும். அந்த விதத்தில் அதுவும் ஓர் ஆறுதல்தான்.

இப்படித் திரட்டிய செத்தவர்கள் பட்டியலை அவர் நகல் எடுத்து ஊரில் உள்ள ஆபீஸ்களுக்கெல்லாம் கொடுத்தார். முனிசிபாலிட்டியில் வாங்கி மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்தார்கள். ரேஷன் ஆபீசில் மட்டும் ஆர்வமாக வாங்கி, அன்றைக்கே உட்கார்ந்து, அத்தனை பெயரையும் கார்டுகளில் அடித்துவிட்டார்கள். அரிசி மிச்சமாகிற காரியத்தில் அவர்கள் தாமதிப்பதில்லை.

அண்ணாச்சியின் பட்டியலில் ஒரே ஒரு பெயர் விட்டுப்போயிருந்தது. அது அவருடைய கூடப்பிறந்த அண்ணன் வீரபாகுவின் பெயர்.

கயிற்றுக் கடை வீரபாகுவின் பெயரில் இருந்தது. வரியும் அவர் பெயரில்தான் போய்க்கொண்டிருந்தது. வீரபாகு போன ஐப்பசியில் காய்ச்சலில் காலமாகிவிட்டார். ஊரில் உள்ள துட்டிக்கெல்லாம் போன நல்லக்கண்ணு அண்ணாச்சி சொந்த அண்ணனின் துட்டியில் என்ன செய்தார் தெரியுமா? வாசலில் நின்று, மந்திரமூர்த்தி பக்கத்து ஆட்கள் யார் யார் வந்தார்கள், எபனேசர் பக்கத்து ஆட்கள் யார் யார் வந்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அழுவதற்கு நேரம் கிடைக்கவில்லை. தேர்தல் முடிந்ததும் அழுதுகொள்ளலாம் என்று நினைத்தாரோ என்னவோ.

அண்ணனை அவர் சாக விடவில்லை என்பதற்கு மூன்றாவது கொள்கையே போதும். அண்ணன் வர முடியாதவர், அவ்வளவுதான். அண்ணனுக்குப் பதிலாகப் போய்விட்டு வர, தன் பெண்டாட்டியின் தம்பி முத்துமாலையைக் குரும்பூரிலிருந்து வரவழைத்து ஏற்பாடு செய்துவிட்டார். முத்துமாலையை இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. வீரபாகுவின் சரிகைத் துண்டைப் போட்டுவிட்டு, தகப்பனார் பெயரையும் கடை விலாசத்தையும் மனப்பாடம் பண்ண வைத்து, "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, சிரிச்சிராதே" என்று பாடம் சொல்லிக்கொடுத்தார். அந்த நேரத்தில் அவர் மனசில் ஒரு சின்ன உறுத்தலாவது இருந்ததா? இல்லை. கள்ள ஓட்டைப் பற்றி அன்று மாலையே மந்திரமூர்த்தி வீட்டு முற்றத்தில் மணிக்கணக்காகப் பேசினார்.

தேர்தலுக்கு முந்தின வாரம் கடற்கரையில் ஒரு செய்தி பரவியது. திரேஸ்புரத்துக் கஸ்பார் திரும்பி வந்துவிட்டானாம்!

கஸ்பார் பர்னாந்து தோணி ஓட்டுகிற தண்டல். கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம், கொழும்புக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போன தோணியோடு காணாமல் போனவன். ஒரு வருஷம் பார்த்தார்கள், இரண்டு வருஷம் பார்த்தார்கள். அப்புறம் உறவுக்காரர்கள் சொல்லிச் சொல்லி, அவன் பெண்டாட்டி மிக்கேலம்மாள் மரித்தோர் பூசைக்குச் சம்மதித்தாள். அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் போனவனுக்கு உடல் கிடைக்காவிட்டால், சவம் வைக்கிற தூம்பாவை வெறுமையாகவே கோவிலில் வைத்து, மேலே கறுப்புத் துணி போர்த்தி, சுற்றிலும் மெழுகுதிரி ஏற்றிப் பூசை நடத்திவிடுவார்கள். அண்ணாச்சி அந்தப் பூசைக்கும் போயிருந்தார். தூம்பாவைப் பார்த்தார். கறுப்புத் துணியைப் பார்த்தார். வெளியே வந்து கஸ்பார் பெயர்மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

மிக்கேலம்மாள் மட்டும் வீட்டு வரியைப் புருஷன் பெயரிலேயே கட்டிக்கொண்டு வந்தாள். பேரை மாற்றினால், அவர் இல்லை என்று தானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும் என்று அவளுக்கு ஒரு பயம். அதனால் கஸ்பார் பெயர் ரேஷன் கார்டில் அடிபட்டாலும் வாக்காளர் பட்டியலில் தப்பியது.

உண்மையில் கஸ்பாரின் தோணி காற்றில் இழுபட்டு மாலத்தீவுப் பக்கம் ஒதுங்கி உடைந்திருந்தது. யுத்தம் முடிந்து கப்பல் போக்குவரத்து சீராகிறவரை ஊருக்கு வர வழியில்லாமல், அங்கேயே மாசி மீன் அவித்துக் காயவைக்கிற வேலை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் ஒரு கொழும்புத் தோணியில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். செய்தி கடைக்கு வந்தபோது அண்ணாச்சி கயிறு அளந்துகொண்டிருந்தார். அளப்பதை நிறுத்தவில்லை. லேசாகச் சிரித்தார்.

"எபனேசர் கட்சிக்காரன் கிளப்பி விட்ட புரளிவே. எலெக்ஷன் நேரத்துல செத்தவன் வாரது புதுசா?"

நேரில் போய் ஒரு நடை பார்த்துவிட்டு வந்தால் என்ன என்று கேட்கிறீர்களா? துட்டி வீட்டுக்குத்தான் அவர் போவார். செத்தவன் பிழைத்த வீட்டுக்குப் போய் அவருக்குப் பழக்கமில்லை.

தேர்தல் நாள் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஓட்டுச்சாவடி. தாலுகா ஆபீசிலிருந்து வந்திருந்த தாணுலிங்கம் என்பவர் ஆபீசர். எபனேசர் வக்கீல் தம் சார்பில் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு குமாஸ்தாவைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார். அந்தப் பிள்ளைக்கு இந்த ஊரில் உயிரோடிருக்கிறவர்களையே தெரியாது. செத்தவர்களை எங்கே தெரியப்போகிறது? ஆகவே காலையிலிருந்து அண்ணாச்சியின் ராஜ்யமாக இருந்தது. கோர்ட்டு வராந்தாவில் கேட்டுப் படித்த ஒரு சொல் அவரிடம் இருந்தது. ஆள் வந்து நின்றதும் அதை எடுத்து விடுவார்.

"அப்ஜெக்ஷன்!"

காது கேளாத ஒரு பெரியவர், போன தடவையைவிட மெலிந்து போன ஒரு பட்டறைக்காரர், மீசையை எடுத்துவிட்டு வந்த ஒரு மளிகைக் கடைக்காரர், எல்லோரும் தாங்கள் தாங்கள்தான் என்று நிரூபித்துவிட்டுத்தான் ஓட்டுப் போட வேண்டியிருந்தது. தாணுலிங்கம் பொறுமைசாலி. ஒவ்வொரு தடவையும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

வெயில் ஏறுகிற நேரத்தில் எழுத்தர் பெயர் படித்தார். "கஸ்பார் பர்னாந்து, திரேஸ்புரம்."

கறுத்து, ஒட்டி உலர்ந்து, தாடியோடு ஒருவன் உள்ளே வந்தான். மேல் உதட்டில் பழைய வெட்டுத் தழும்பு. அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். அசல் கஸ்பார் மாதிரியே இருந்தான். அவருக்கு ஒரு கணம் எபனேசர் வக்கீல்மேல் மதிப்பே வந்துவிட்டது. என்ன கெட்டிக்காரத்தனம்! எவ்வளவு பொருத்தமான ஆளைத் தேடிப் பிடித்திருக்கிறான், அந்தத் தழும்பு உட்பட!

"அப்ஜெக்ஷன்! இந்த ஆளு செத்துப் போயாச்சு."

"எந்த ஆள்?" என்றார் தாணுலிங்கம்.

"இன்னா நிக்கானே, இவன்தான்."

வரிசை சிரித்தது. வந்தவன் சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, நான்தாம் கஸ்பாரு. உம்ம கடையிலதான எப்பவும் கயிறு எடுப்பேன். மொகம் மறந்து போச்சா?"

"கஸ்பாரு கயிறு எடுத்தது நெசந்தான். ஆனா கஸ்பாரு செத்துட்டான்."

"அதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டார் ஆபீசர்.

"துட்டிக்கு நானே போயிருந்தேன். தூம்பாவை இந்தக் கண்ணாலே பாத்தேன்."

"தூம்பாவுக்குள்ளே ஆளைப் பார்த்தீரா?"

அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னய்யா கேள்வி கேக்கீரு? துட்டி வீட்டுக்குப் போனா உள்ள ஆளு இருக்கான்னு தொறந்தா பாப்பாவ?"

"அன்னைக்கு வந்ததுக்கு ரெம்ப உபகாரம் அண்ணாச்சி" என்றான் கஸ்பார். உண்மையான மரியாதையோடுதான் சொன்னான். "வீட்ல சொன்னா. என்னாலதாம் வர முடியல."

வரிசை மறுபடியும் சிரித்தது. தாணுலிங்கம் கண்ணாடியைத் துடைத்தார். "சரி, நீர் உயிரோடு இருப்பதற்கு ஏதாவது ஆதாரம் வைத்திருக்கிறீரா?"

"இந்தா மூச்சு வுடுதேன்லா, சார்."

"மூச்சை ஃபைலில் வைக்க முடியாதே."

அப்போதுதான் கஸ்பார் மேசையை நெருங்கி வந்தான். அவனுக்கு இந்த ஓட்டு ஓட்டு அல்ல. மந்திரமூர்த்தி வந்தாலும் ஒன்றுதான், எபனேசர் வந்தாலும் ஒன்றுதான். "ரேசன் ஆபீசில அரிசி தர மாட்டேங்காவ. பேரை அடிச்சாச்சாம். போர்ட் ஆபீசில தண்டல் பாஸ் தர மாட்டேங்காவ, செத்தவனை எப்படிக் கடலுக்கு அனுப்புறதுன்னு கேக்காவ. அவ தன் பங்கு அரிசியைத்தான் எனக்கும் பொங்கிப் போடுதா, சார். உயிரோட இருக்கேன்னு கெவுருமெண்டு சீட்டு எதுவும் இருக்கான்னு கேட்டாவ. தேடிப் பாத்ததுல இந்த லிஸ்ட்ல மட்டுந்தாம் எம் பேரு இருக்கு. ஓட்டுப் போட்டுட்டு, போட்டான்னு ஒரு சீட்டு எழுதி வாங்கிட்டு வா, கார்டு தாரோம்னு சொல்லியிருக்காவ. இதுலயும் இல்லைன்னு சொல்லிட்டீங்கன்னா, நான் செத்ததுதாம்."

தன் பட்டியல் ஒருவனைச் சோற்றுக்கு இல்லாமல் அடித்திருக்கிறது என்பது அண்ணாச்சிக்கு உறைத்ததா? உறைத்தது. ஆனால் அதற்கு மேல் அவருக்கு இன்னொன்று உறைத்தது. காலையிலிருந்து அடித்த அப்ஜெக்ஷன்களில் இது ஒன்று பொய்யென்றால், மற்றதும் பொய் என்று ஊர் சொல்லாதா? "எல்லாம் பாடமாக்கி அனுப்பிருக்கான், சார். விட்டுராதீங்க" என்றார்.

"அந்தப் பெஞ்சில் உட்காரும். யோசித்துச் சொல்கிறேன்" என்று கஸ்பாரைச் சுவரோரம் உட்கார வைத்துவிட்டு, தாணுலிங்கம் அடுத்த பெயரைப் படிக்கச் சொன்னார்.

"வீரபாகு, கயிற்றுக் கடை, பீச் ரோடு."

முத்துமாலை உள்ளே வந்தான். சரிகைத் துண்டு, பட்டையாகத் திருநீறு, அளவான நடை. தகப்பனார் பெயரைக் கேட்டார்கள், சொன்னான். கடை விலாசம் கேட்டார்கள், சொன்னான். சிரிக்கவில்லை. உயிரோடிருக்கிறவர்கள் ஒருவர்கூட அன்றைக்கு அவ்வளவு சுத்தமாகப் பதில் சொல்லவில்லை. அண்ணாச்சி மோட்டு வளையில் ஏதோ பல்லியைத் தேடிக்கொண்டிருந்தார்.

வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் வீரபாகுவின் துட்டிக்கு வந்தவர்கள்தான். அப்படியும் ஏன் ஒருவரும் வாய் திறக்கவில்லை? காரணம் இருக்கிறது. அவரவர் வீட்டு வீரபாகுவும் அதே வரிசையில் நின்றுகொண்டிருந்தார். இந்தப் பக்கத்து வீரபாகுவைக் காட்டிக்கொடுத்தால் அந்தப் பக்கத்து வீரபாகு என்ன ஆவது? ஆகவே எல்லோரும் பல்லியைத் தேடினார்கள். பாளையங்கோட்டைக் குமாஸ்தாவும் தேடினான், எல்லோரும் பார்க்கிறார்களே என்று.

தேடாதவன் ஒருவன்தான். பெஞ்சிலிருந்து கஸ்பார் துள்ளி எழுந்தான்.

"வீரவாகு அண்ணாச்சியா! எங்கன? எங்கன நிக்காவ?"

அவன் முகம் அப்படியே மலர்ந்திருந்தது. அவன் ஊருக்கு வந்தே ஒரு வாரம்தான். அரிசிக்கும் பாஸுக்கும் அலைந்ததில், யார் இருக்கிறார்கள், யார் போனார்கள் என்று கேட்டுக்கொள்ள அவனுக்கு நேரம் இல்லை. "சார், அவுஹளைக் கேளுங்க, சார். நான் கஸ்பாருதான்னு அவுஹ சொல்லுவாவ. தோணி கெளம்புத அன்னைக்கெல்லாம் கரைக்கு வந்து நிப்பாவ. கயிறு அளந்து முடிச்ச பொறவு ரெண்டு கையையும் விரிச்சு இன்னும் ஒரு பாகம் சேத்து இழுத்துக் குடுப்பாவ, 'கடலுக்குப் போறவனுக்கு அளந்து குடுக்கலாமாலே'ன்னு. அந்தக் கயித்துலதாம் தோணி ஒடஞ்ச அன்னைக்கு என்னைப் பலகையோட கட்டிக்கிட்டு மிதந்தேன். அண்ணாச்சி! எங்க இருக்கிய?"

அவன் வாசல் வரைக்கும் போய் எட்டிப் பார்த்தான். திரும்பி வந்தான். மேசைக்கு முன்னால் சரிகைத் துண்டோடு நின்றவனை மேலும் கீழுமாகப் பார்த்தான்.

"ஏலே, நீ ஆரு?"

முத்துமாலைக்கு இந்தக் கேள்வி பாடத்தில் இல்லை. மச்சானைப் பார்த்தான். மச்சான் பல்லியைப் பார்த்தார்.

தாணுலிங்கம் முதல் தடவையாகக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நல்லக்கண்ணு, பட்டியலில் உள்ள வீரபாகு உமக்கு யார்?"

"எங்க அண்ணன்."

"இவர்தான் உம்முடைய அண்ணனா?"

ஆமாம் என்று ஒரு சொல். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அந்தச் சொல் அண்ணாச்சியின் நாக்கு நுனிக்கு வந்தும்விட்டது. அதற்குள் கஸ்பார் பக்கத்தில் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். செத்தவன் கை சுடுமா? அந்தக் கை சுட்டது, தோணிக் கயிறு இழுத்துக் காய்த்துப் போன கை.

"அண்ணாச்சிக்கு மேலுக்குச் சொகமில்லையா? அதான் வரலையா? சும்மா சொல்லும். சாயந்தரம் நானே வீட்டுக்கு வந்து பாக்கேன்."

"இல்லலே" என்றார் நல்லக்கண்ணு.

"என்ன இல்ல?"

"அண்ணன் இல்லலே, கஸ்பாரு. போன ஐப்பசில போயிட்டான்."

கஸ்பார் அப்படியே தரையில் உட்கார்ந்தான். தலையில் கையை வைத்துக்கொண்டான். "அய்யோ, என் ராசாவே" என்று ஒரு குரல் எடுத்தான் பாருங்கள், பள்ளிக்கூடம் முழுவதும் கேட்டது. வாசலில் நின்றவர்களெல்லாம் உள்ளே வந்துவிட்டார்கள். தாணுலிங்கம் எழுந்து நின்றார். ஓட்டுச்சாவடியில் இதற்கு என்ன விதி என்று அவருக்குத் தெரியவில்லை. அப்புறம் நல்லக்கண்ணு அண்ணாச்சியும் கஸ்பார் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி அழுதார். எத்தனையோ துட்டிக்குப் போன மனிதர் அழுத முதல் அழுகை அதுதான்.

இந்த அமர்க்களத்தில் முத்துமாலை ஜன்னல் வழியாக வெளியேறிவிட்டான். சரிகைத் துண்டு ஜன்னல் கதவில் மாட்டித் தொங்கியது. குரும்பூர் போய்ச் சேருகிற வரைக்கும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை என்று கேள்வி.

அழுகை அடங்கியதும் தாணுலிங்கம் மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார். "வந்தவர் போய்விட்டார். வீரபாகுவின் ஓட்டு விழவில்லை என்று எழுதிக்கொள்கிறேன். இப்போது இவருடைய சங்கதிக்கு வருவோம். உம்முடைய ஆட்சேபணை நிற்கிறதா?"

நல்லக்கண்ணு மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இவன் கஸ்பாருதான், சார். எங்க அண்ணனுக்காவ இப்படி அழுதவன் செத்தவனா இருக்க முடியாது."

"எழுதிக் கையெழுத்துப் போடும்."

போட்டார். கஸ்பார் பர்னாந்து என்பவர் உயிரோடிருப்பதை நான் நன்கறிவேன் என்று, காதிலிருந்த அதே சிவப்புப் பென்சிலால் எழுதினார். கஸ்பார் திரைக்குப் பின்னால் போய் ஓட்டுப் போட்டுவிட்டு, ஆபீசர் முத்திரை குத்திக் கொடுத்த சீட்டை மடித்து மடியில் செருகிக்கொண்டான். வெளியே வந்ததும் அண்ணாச்சி அவன் தோளைத் தொட்டார். துக்கம் துக்கம்தான், தேர்தல் தேர்தல்தானே?

"ஏலே, எந்தப் பொட்டியில போட்ட?"

"வீரவாகு அண்ணாச்சி உசுரோட வந்திருந்தா எதுல போட்டிருப்பாவளோ அதுல."

நல்லக்கண்ணுவுக்குச் சுரீர் என்றது. வீரபாகுவும் எபனேசர் வக்கீலும் சின்ன வயசிலிருந்து சேக்காளிகள். உயிரோடிருந்தவரைக்கும் அவர் பச்சைப் பெட்டியைத் தவிர வேறு பெட்டியைத் திரும்பிப் பார்த்ததில்லை.

கஸ்பாருக்குக் கார்டு கிடைத்தது. தண்டல் பாஸும் கிடைத்தது. மிக்கேலம்மாள் இரண்டு பேருக்கான அரிசியைக் களைந்து உலையில் போட்ட அன்று, அக்கம்பக்கம் அத்தனை பேரையும் கூப்பிட்டு அந்த உலையைக் காட்டினாளாம். எபனேசர் வக்கீல் ஏகப்பட்ட வித்தியாசத்தில் ஜெயித்தார். வீரபாகு ஒருவர் என்ன, வார்டிலுள்ள வீரபாகுக்கள் அத்தனை பேரும் நீலப் பெட்டிக்குத் திரண்டு வந்திருந்தாலும் அதை மாற்றியிருக்க முடியாது.

அண்ணாச்சி திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இந்த வகை திருந்தி யார் பார்த்திருக்கிறார்கள்? ஒரு வாரம் கடையை அடைத்துக்கொண்டு வீட்டில் அண்ணனுக்காக அழுதார், அது உண்மை. கயிறு அளந்து முடித்தபின் ஒரு பாகம் சேர்த்து இழுத்துக் கொடுக்கவும் ஆரம்பித்தார், அதுவும் உண்மை. ஆனால் அடுத்த வாரமே கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டிருந்தார். "எப்படி ஜெயிச்சான்னு நினைக்கீரு? மாலத்தீவுல இருந்து செத்தவனையே எழுப்பிக் கூட்டிட்டு வந்துட்டான்வே!"

சரி, இந்தக் கதையைப் படிக்கும்போது உங்கள் மனசில் ஒருவர் முகம் வந்து நின்றிருக்குமே. எதிர் வீட்டுக்காரரோ, ஆபீசில் பக்கத்து மேசைக்காரரோ, உங்களுக்குப் பிடிக்காத கட்சியில் இருக்கிற உங்கள் மைத்துனரோ, அச்சு அசலாக இவர்தான் என்று ஒரு புன்னகைகூடப் புரிந்திருப்பீர்கள். அதில் தவறில்லை. ஒரே ஒரு விஷயம்தான் உங்களிடம் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்த வகையைச் சேர்ந்தவர்களை இனம் கண்டுகொள்ள உறுதியான அடையாளம் ஒன்று உண்டு. இவர்களைப் பற்றி எதைப் படித்தாலும் அவர்களுக்கு எப்போதும் அடுத்தவர் முகம்தான் ஞாபகத்துக்கு வரும்.